பூட்டிக் கிடந்த வீட்டில் எதற்கும் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள்

"வைக்கும்போது நல்லாத்தான் ஓடிச்சு." எந்த மெக்கானிக் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலும் இந்த வரி ஒரு தடவையாவது காதில் விழும். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருளைத்தான் துடைத்து, துணி சுற்றி, பரணில் ஏற்றியிருப்பார்கள். அசையாமல் கிடக்கும் சாமானுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று எல்லோரும்தான் நினைக்கிறோம். ஆனால் மின்சாதனங்கள் ஓடித் தேய்வது ஒரு கணக்கு, ஓடாமல் கிடந்து கெடுவது வேறு கணக்கு. இப்படிக் கெட்டது வெளியே தெரிய வருவது சுவிட்சைப் போடும்போதுதான். பத்து ரூபாய் பாகத்தோடு முடிந்திருக்க வேண்டிய பழுது, அந்த ஒரு நிமிஷத்தில் முழுப் பொருளையும் கொண்டுபோய்விடுகிறது.

கும்பகோணம் பக்கம், அரசலாற்றங்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அம்மா பிறந்த வீடு. பாட்டி போன பிறகு பூட்டியது. நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போனால் திறந்து, பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருவோம். மெயினைக்கூடப் போட்டதில்லை. பல ஐப்பசி, கார்த்திகை மழையை அந்த வீடு அடைத்த கதவோடு பார்த்துவிட்டது. அப்பா ஓய்வு பெற்றதும் இனிமேல் அங்கேயே போய் இருக்கலாம் என்று அம்மா முடிவெடுத்தபோது, வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். தாத்தாவின் வால்வு ரேடியோ, ஒரு மேஜை விசிறி, மிக்ஸி, கிரைண்டர், டேப் ரிக்கார்டர், பழைய கலர் டிவி, ஃபிரிட்ஜ், பாட்டிக்காகக் குளியலறையில் மாட்டிய கீசர், இஸ்திரிப் பெட்டி, கொல்லையில் கிணற்றடி மோட்டார், கூடத்து மூலையில் இன்வெர்ட்டர். இவற்றில் பாதிக்கு மேல் இன்றைக்கும் ஓடுகிறது. அதற்குக் காரணம் ரேடியோவுக்கு நேர்ந்த கதி மற்றவற்றுக்கு நேராமல் தடுத்த ஒரு பெரியவர்.

ரேடியோவை முதலில் போட்டது மாமா. அவருடைய அப்பா வாங்கியது. தபால் ஆபீசில் பணம் கட்டி முத்திரை ஒட்டி வாங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம்கூட அதன் அடியிலேயே இருந்தது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த மனுஷனுக்கு ஆசை இருக்காதா? பிளக்கைச் செருகினார், டயல் விளக்கு எரிந்தது, எல்லோரும் சுற்றி நின்றோம். உள்ளே கண்ணாடிக் குழல் மாதிரி இருக்கும் வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதனால் முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பிக் கூடிக்கொண்டே போனது. மெழுகு கருகும் வாடை. பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியே புகை. மாமா சட்டென்று பிளக்கைப் பிடுங்கினார். நல்லவேளை, அவர் கை பக்கத்திலேயே இருந்தது.

டவுனில் ரேடியோ மெக்கானிக்காக ஒரு ஆயுள் முழுக்க இருந்துவிட்டு இப்போது வீட்டோடு வேலை பார்க்கும் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ரேடியோவைத் தொடுவதற்கு முன் கேட்டது, "ஏம்மா, வேற எதுக்காவது கரண்ட் கொடுத்தீங்களா?" இல்லை அண்ணே என்றேன். "அப்ப பொழச்சீங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

அட்டையைக் கழற்றியதும் அவர் காட்டியது ஓர் அலுமினிய டப்பா. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. அடிப்பக்க அடைப்பு உப்பி, ஓரமாகப் பழுப்பாக ஏதோ கசிந்து, பாகங்களைத் தாங்கும் இரும்புத் தட்டான சேசிஸில் வழிந்திருந்தது. இதுதான் ஃபில்டர் கண்டென்சர், வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் பாகம். நாள்பட்ட ரேடியோ, ஆம்பிளிஃபயர், டிவி என்று எது இப்படிப் புகைந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

அவர் விளக்கியதையும் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அந்த டப்பாவுக்குள் இருப்பது சுருட்டி வைத்த அலுமினியத் தாள். தாளின் மேல் அலுமினிய ஆக்சைடு ஒரு படலமாக இருக்கும், ஒரு மைக்ரான் கனம்கூட வராது. வால்வு ரேடியோவுக்குள் ஓடும் 200, 300 வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவது இந்தப் படலம் மட்டும்தான். ரேடியோ தினமும் பாடிக்கொண்டிருக்கும் வரை, உள்ளே இருக்கும் ரசாயனத் திரவத்தின் உதவியோடு படலத்தில் விழும் ஓட்டைகள் தாமாகவே அடைபட்டுக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் வோல்டேஜ் இல்லாமல் விட்டால் அடைக்க ஆளில்லை. படலம் அங்கங்கே பலவீனப்படும், திரவமும் மெல்ல வற்றும். அந்த நிலையில் திடீரென்று முழு வோல்டேஜும் ஏறினால் கரண்ட் படலத்தின் குறுக்கே ஒழுகுகிறது. ஒழுகினால் சூடு, சூட்டில் வாயு, வாயுவுக்குப் போக்கிடம் இல்லாமல் டப்பா உப்புகிறது. சிலசமயம் பட்டாசு மாதிரி வெடித்தே விடும்.

டப்பாவோடு போனால் பரவாயில்லை. அது ஷார்ட் ஆகி நிற்கும் ஒவ்வொரு விநாடியும், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் வால்வும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் தாங்கக்கூடியதற்கு மேல் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். கண்டென்சர் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அந்த மாடலுக்குப் பொருந்தும் டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது? ரீவைண்டிங் செய்பவரைத் தேடித்தான் அலைய வேண்டும். மாமா பிளக்கைப் பிடுங்கிய வேகம்தான் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றியது.

இன்னொன்றையும் அவர் விடவில்லை. அந்தக் காலத்து ரேடியோக்களில் மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இருக்கும். காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று, கடைசி வால்வுக்குப் போகும் வழியில் காவல் மாதிரி உட்கார்ந்திருப்பது, ஒழுக ஆரம்பித்தால் அந்த வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து உள்தகடு சிவக்கச் சிவக்கப் பழுத்துவிடும். கூடவே ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரின் மயிரிழைக் கம்பியும் போய்விடும். அதனால் பார்க்க நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற யோசனையே இல்லாமல், ஃபில்டர் கண்டென்சரையும் காகிதக் கண்டென்சர்களையும் மொத்தமாக மாற்றிவிட்டார். "அம்பது அறுபது வருஷ சரக்கு. இதுல நல்லது எது கெட்டது எதுன்னு தேடிக்கிட்டு இருக்கக் கூடாது."

கண்டென்சர் ஓரளவுக்குப் புதிது, வெளியே உப்பலோ கசிவோ இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டேட் கருவியை வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் ஏற்றுவார்கள். அப்படிச் செய்யும்போது படலம் திரும்பவும் வளர நேரம் கிடைக்கிறது. ஆம்பிளிஃபயர், ஆடியோ செட் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வால்வு ரெக்டிஃபயர் உள்ள ரேடியோவில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது வால்வே சூடாகி வேலை செய்யாது. அதனால்தான் மாற்றிவிடுவது நல்லது.

வால்வு ரேடியோ வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று. 'ஏசி-டிசி' செட் என்று ஒரு ரகம் உண்டு. அதில் மெயின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, மின்கம்பியின் ஒரு முனை நேராக இரும்புச் சேசிஸில் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழ் கழன்றுபோய் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொட்டாலே போதும். எங்களுடையது அந்த ரகம் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் பெரியவர் எங்களைப் பக்கத்திலேயே விட்டார்.

இனி அவர் எங்களுக்குச் செய்து கொடுத்துவிட்டுப் போன பொருள். ஒரு மரப்பலகை, அதில் ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், ஒரு சுவிட்ச். வீட்டு லைனிலிருந்து வரும் பேஸ் கம்பி நேராக பாயின்டுக்குப் போகாமல் பல்பைக் கடந்து போகும். கடைக்காரர்கள் சீரியஸ் பல்பு என்பார்கள், தொடர் இணைப்பு (series) என்ற பொருளில். பழைய மெக்கானிக் கடை எல்லாவற்றிலும் மேஜை ஓரத்தில் இது இருக்கும். பல்பு 100 வாட் குண்டு பல்பாக இருக்க வேண்டும், 60 வாட்டும் ஆகும். எல்இடி பல்பு உதவாது. குண்டு பல்பின் இழை ஆறிப்போயிருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு, எரியும்போது உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சூடேறச் சூடேறத் தடை கூடும். இந்தக் குணத்தால்தான் அது தானாகவே காவல் காக்கிறது.

சந்தேகப்படும் பொருளை அந்த பாயின்டில் செருகிப் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்காது. 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் விடும், புகை வர அது போதாது. பொருள் நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். கண்டென்சர் மாற்றிய ரேடியோவை இந்தப் பலகையில் போட்டபோது பல்பு அப்படித்தான் மங்கி நின்றது. பெரியவர் அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டே ஒரு பீடி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பல்பை நீக்கி நேரடி லைன் கொடுத்தார்.

ஆனால் சீரியஸ் பல்பு சொல்வதை எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் பல்பு கிட்டத்தட்ட முழுசாகவே எரியும். அது ஷார்ட் இல்லை, சூடாக்கும் கம்பியின் தடை அவ்வளவு குறைவு. மிக்ஸியும் அப்படியே. மேஜை விசிறி மெதுவாகச் சுற்றிக் காட்டும். கிணற்றடி மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் இதில் போட்டுப் பார்க்கவே கூடாது, குறைந்த வோல்டேஜில் அவற்றின் மோட்டார் கிளம்பாமல் திணறும். இன்னொன்று, இந்த பல்பு பொருளைக் காப்பாற்றுமே தவிர நம்மைக் காப்பாற்றாது. ஷாக் அடிப்பதற்கு அரை ஆம்பியரில் சின்னத் துளி போதும்.

நம்மைக் காப்பாற்றுவதற்கு வேறு ஒன்று வேண்டும். அந்த வீட்டில் பீங்கான் பீஸ் கட்டைகள்தான் இருந்தன. பீஸ் கட்டை வயர் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஆள் மேல் கரண்ட் பாய்ந்தால் அதற்குத் தெரியாது. கரண்ட் கொஞ்சம் வெளியே ஒழுகினாலும் உடனே லைனை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை முதலில் மாட்டச் சொன்னோம். மாட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்தார். சுவிட்ச் பெட்டிக்குள் காய்ந்துபோன பல்லி, இரண்டு பிளக் பாயின்ட் ஓட்டைகளில் குளவி கட்டிய மண், பரண் மேல் ஓடும் வயரில் எலி கடித்துச் செம்பு தெரியும் இடங்கள். பூட்டிக் கிடந்த எந்த வீட்டிலும் இதெல்லாம் இருக்கும். மெயினைப் போட்டுவிட்டு ஒவ்வொரு ரூமாக சுவிட்ச் தட்டிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அதற்குப் பதில் மெயினைப் போடாமலே டார்ச் அடித்து போர்டுகளையும் வயர்களையும் பார்த்துவிடுவது எவ்வளவோ மேல். எர்த் குழியும் கவனிக்க வேண்டியது. வருஷக்கணக்கில் தண்ணீர் காணாத குழி காய்ந்துபோய், எர்த் வயர் பேருக்குத்தான் இருக்கும்.

ஆர்சிசிபி மாட்டியதும் வீட்டில் என்னென்ன ஒழுகுகிறது என்று அதுவே காட்டிக் கொடுத்தது. கீசரைப் போட்டோம், டக்கென்று இறங்கியது. திரும்ப ஏற்றிப் போட்டோம், திரும்ப இறங்கியது. "ஆர்சிசிபி வீணாப் போச்சு, அதைக் கழட்டிட்டு நேரா கொடுங்க" என்று அந்தச் சமயத்தில் ஆலோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது.

கீசர், வாட்டர் ஹீட்டர் ராடு, மின்சாரக் கெட்டில் எல்லாவற்றிலும் வெளியே தெரிவது உலோகக் குழாய். நடுவில் சூடாகும் கம்பி. கம்பி குழாயில் படாமல் இருக்க இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூளை அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது, அருமையான பொருள். ஒரே குறை, அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தினமும் சூடாகிக்கொண்டிருந்தால் ஈரம் சேர வழியில்லை. காவிரி டெல்டாவில் பல மழைக்காலம் சும்மா கிடந்தால், குழாயின் முனைகளில் உள்ள அடைப்பு வழியாக ஈரம் ஏறி, தூள் நனைந்து, கம்பியிலிருந்து குழாய்க்குக் கரண்ட் ஒழுகும். குழாய் தொடுவது தண்ணீரை. ஆர்சிசிபி இல்லாத வீட்டில், எர்த்தும் சரியில்லாமல் இருந்தால், வாளித் தண்ணீரில் கைவைத்த பிறகுதான் இது தெரியும்.

எலக்ட்ரீஷியன் மெகர் கொண்டுவந்திருந்தார். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் எவ்வளவு என்று அளக்கும் கருவி. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தப் பொருளுக்குக் கரண்ட் கிடையாது என்பது அவர் விதி. கீசரின் எலிமென்ட் அதற்கு வெகு கீழே நின்றது. கழற்றி மொட்டை மாடி வெயிலில் போட்டோம். பங்குனி வெயில், நன்றாகவே காய்ந்தது. அளவு கொஞ்சம் ஏறியது, ஆனால் அவர் திருப்தி அடையவில்லை. புது எலிமென்ட் வாங்கிப் போட்டோம். சில நூறு ரூபாய்க்காகக் குளியலறையில் சூதாட வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். இஸ்திரிப் பெட்டி வெயிலில் தேறிவிட்டது, மெகரில் நன்றாகக் காட்டியது. ஆனால் அதன் துணி சுற்றிய வயருக்குள் ரப்பர் பொடிப் பொடியாக உதிர்ந்திருந்தது, வயரை மாற்றினோம். வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்றும் இருந்தது. அதை மட்டும் சோதிக்கக்கூட இல்லை, நேராக எடைக்குப் போட்டாயிற்று.

மோட்டார் உள்ள பொருட்களுக்கு முதல் சோதனை கையால் சுற்றிப் பார்ப்பது. இதற்குச் செலவும் இல்லை, படிப்பும் வேண்டாம். மேஜை விசிறியின் இறக்கையை விரலால் தள்ளினால் ஒரு சுற்றுகூட வராமல் நின்றது. அதன் புஷ்ஷைச் சுற்றி எண்ணெய் ஊறிய கம்பளித் துணுக்கு ஒன்று இருக்கும், அந்த எண்ணெய் காய்ந்து பிசினாகி இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டுக் கையால் சுற்றச் சுற்ற இளகியது. இளகிய பிறகும் கரண்ட் கொடுத்தால் முனகியதே தவிரக் கிளம்பவில்லை. கையால் தள்ளிவிட்டால் சுற்றும். அப்படியென்றால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். புதிது ஒன்று மாட்டியதும் சரியாகிவிட்டது.

கிணற்றடி மோட்டார்தான் நான் மிகவும் பயந்த இடம். ஒரு எச்பி மோனோபிளாக், அதாவது மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் ரகம். பின்பக்க மூடியைக் கழற்றினால் விசிறி தெரியும், ஷாஃப்ட் முனையில் ஸ்குரூடிரைவர் வைக்க ஒரு காடி இருக்கும். அதில் வைத்துத் திருப்பினால் அசையவே இல்லை. உள்ளே கடைசியாக நின்ற தண்ணீர் வற்றி, உப்பும் துருவும் சேர்ந்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கவ்விக்கொண்டிருந்தது. இந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ங்ங்' என்று முனகும், வழக்கமான கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், சுற்றாததால் உள்விசிறிக் காற்றும் கிடையாது. சில நிமிஷத்தில் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகும். ஊரில் ரீவைண்டிங்குக்கு வரும் மோட்டார்களில் நிறைய, கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் சுவிட்சைப் போட்டுவிட்டு 'தண்ணி வருதா' என்று மாடிக்குப் போய்ப் பார்த்த மோட்டார்கள்தானாம்.

நாங்கள் ப்ரைமிங் துளை வழியாகத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டோம். காலையில் எலக்ட்ரீஷியன் ஷாஃப்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, பலம் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். முதலில் ஒரு நூல் அளவு. அப்புறம் கால் சுற்று. கரகரவென்ற சத்தத்தோடு முழுச் சுற்று வந்தபோது பக்கத்தில் நின்ற அம்மா "வந்துடுச்சு வந்துடுச்சு" என்று கைதட்டினார். சும்மா பத்திருபது சுற்று கையாலேயே சுற்றி, மெகர் வைத்துப் பார்த்து, தண்ணீர் நிரப்பி, அதற்குப் பிறகுதான் சுவிட்ச். ஷாஃப்ட் ஓரத்தில் தண்ணீர் சொட்டியது, சீல் காய்ந்து வெடித்திருந்தது. அதை மட்டும் மாற்றினோம்.

மிக்ஸியில் கவனிக்க வேண்டியது கார்பன் பிரஷ். செம்புச் சுற்றின் மேல் உரசும் இரண்டு சின்னக் கரிக்கட்டைகள். அந்தச் செம்பின் மேல் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் தீப்பொறி பறக்கும், கரிக்கட்டை அதன் கூட்டுக்குள்ளேயே இறுகிப் போயிருந்தால் மோட்டார் ஓடவே ஓடாது. ஜீரோ நம்பர் உப்புத்தாளால் செம்பை மெல்லத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜாரை மறந்துவிடாதீர்கள். பிளேடு துருப்பிடித்து இறுகிய ஜாரை மேலே மாட்டி ஓட்டினால், நல்ல மோட்டாரும் போய்விடும். பிளேடையும் கையால் சுற்றிப் பாருங்கள். கிரைண்டரில் பெல்ட் வெடித்திருந்தது, வேறு சேதமில்லை.

டேப் ரிக்கார்டரைத் திறந்தபோதுதான் எனக்கு மனசு வலித்தது. உள்ளே ரப்பர் பெல்ட்டுகள் உருகித் தார் மாதிரி சக்கரங்களில் ஒட்டியிருந்தன. யாரோ எடுக்க மறந்த பேட்டரி செல்கள் கசிந்து, ஸ்பிரிங்கெல்லாம் அரித்து, போர்டு வரைக்கும் ஓடியிருந்தது. இத்தனைக்கும் வைத்தபோது அது அந்த வீட்டிலேயே நல்ல நிலையில் இருந்த பொருள். பாட்டி குரலைப் பதிந்த கேசட் ஒன்று உள்ளேயே இருந்தது. நல்லவேளையாக ஓட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தார் கேசட் நாடாவில் ஒட்டியிருந்தால் குரலும் போயிருக்கும். கேசட்டை வெளியே எடுத்து வேறு நல்ல பிளேயரில் போட்டுப் பதிவு செய்துகொண்டோம். பழைய பிளேயரோடு அதில் இருக்கும் கேசட்டும் முக்கியம் என்றால், கரண்ட் கொடுப்பதற்கு முன் கேசட்டை வெளியே எடுங்கள்.

கலர் டிவியைப் பெரியவர் திறக்கவே விடவில்லை. பிக்சர் டியூபுக்குப் போகும் வோல்டேஜ் 20,000-க்கு மேல். தூசியும் ஈரமும் சேர்ந்திருந்தால் அங்கே பொறி தாவும். அணைத்த பிறகும் டியூபில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதால், பிளக்கைக் கழற்றிவிட்டோமே என்று கை விடக் கூடாத பொருள் அது. பார்க்க ஆசைப்பட்ட யாரும் இல்லை, கொடுத்துவிட்டோம்.

ஃபிரிட்ஜ் வேறு மாதிரி ஏமாற்றியது. நிமிர்த்தியே வைத்திருந்ததால் கம்பிரசருக்குள் எண்ணெய் இடம் மாறிய பிரச்னை இல்லை. படுக்க வைத்துத் தூக்கி வந்ததாக இருந்தால் ஒருநாளாவது நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இது நேராகப் போட்டதும் 'டிக்' என்றது, சில விநாடியில் இன்னொரு 'டிக்', நிசப்தம், கொஞ்சம் கழித்துத் திரும்பவும் அதே. கம்பிரசர் கிளம்ப முடியாமல் ஓவர்லோடு வெட்டி விடும் சத்தம். இதைக் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவைத்தால் கம்பிரசர் காயில் சூடேறிக்கொண்டே போகும். எங்களுக்கு, கம்பிரசரைக் கிளப்பிவிடும் ரிலேவுக்குள் எறும்பு புற்று வைத்திருந்தது. புது ரிலேவோடு ஓடுகிறது.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, ஒரு வோல்ட்டுக்கும் கீழே நின்றது. லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலே தானாக இறங்கும், இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அதற்கப்புறம் சார்ஜ் ஏற்றுவது வீண். ஏற்றியே பார்ப்பேன் என்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பற்றும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய தையல் மெஷின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970, 80-களில் ஐரோப்பாவில் செய்த சில பொருட்களில், முக்கியமாகத் தையல் மெஷினின் கால் பெடலுக்குள், மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி தெரியும் ஒரு சின்னக் கட்டி இருக்கும். அதுவும் கண்டென்சர்தான். நாளாக ஆக அந்த மஞ்சள் உறையில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து ஈரம் உள்ளே போகும். போட்டவுடன் நன்றாகவே ஓடும், அஞ்சு பத்து நிமிஷம் கழித்துத் திடீரென்று நெடியோடு புகை கக்கும். மெஷினுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் பெடலைக் காலால் மிதித்துக்கொண்டிருப்பவர் பயந்தே போவார். வெடிப்பு தெரிந்தால், ஓடுகிறதா இல்லையா என்று பார்க்காமல் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் என்ன செய்யலாம் என்றும் பெரியவரிடம் கேட்டேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்குமானால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிவி, ரேடியோ, ஆம்பிளிஃபயர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓடவிடச் சொன்னார். அதில் கண்டென்சரின் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை. அன்றைக்கே மோட்டாரையும் பத்து நிமிஷம் ஓட்டிவிட வேண்டும். ரிமோட், கடிகாரம், டார்ச் எதிலும் செல் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு கட்டையைச் செருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துக் கதவு ரப்பரும் ஒட்டிக்கொள்ளும். பொருட்களை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுவதைவிடப் பழைய பருத்தி வேட்டியால் மூடுவதே நல்லது, பிளாஸ்டிக்குக்குள் வியர்த்துப் போகும். பேட்டரியை மட்டும் பூட்டிய வீட்டில் விட வேண்டாம் என்றார். கழற்றி, தினமும் இன்வெர்ட்டர் ஓடும் சொந்தக்காரர் வீடு ஏதாவது ஒன்றில் மாட்டிவிட்டால் அவர்களுக்கும் உபயோகம், திரும்பி வரும்போது அது உயிரோடும் இருக்கும்.